டச் ஸ்கிரீனா, கீபோர்டா, கையசைவா: வேலூர்க் கடைகளுக்கு எது ஒத்துவரும்?

வேலூரில் புதிதாகக் கடை போடுகிறவரும் சரி, அப்பா காலத்துக் கடையைப் புதுப்பிக்கிறவரும் சரி, கம்ப்யூட்டர் பேச்சை எடுத்ததும் முதலில் கேட்பது, "டச் போட்டுக்கலாமா?" என்பதைத்தான். கடைக்கும் லாட்ஜுக்கும் கிளினிக்குக்கும் பில்லிங் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. அந்தப் பக்கம் ஆம்பூர், குடியாத்தம், இந்தப் பக்கம் ராணிப்பேட்டை, ஆற்காடு என்று பலவிதமான கல்லாக்களுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். டச் வாங்கியதால் வேலை பாதியாகக் குறைந்த இடம் உண்டு. நல்ல பணம் கொடுத்து வாங்கிய டச் மானிட்டரைச் சும்மா மானிட்டராக வைத்துக்கொண்டு, பக்கத்தில் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருக்கிற இடமும் உண்டு. இரண்டுக்கும் காரணம் கருவியின் தரம் இல்லை. அந்த இடத்தில் கை என்ன வேலை செய்கிறது என்பதுதான் காரணம்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. திரையில் தெரிகிற பத்துப் பதினைந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை என்றால் டச். பெயர், எண், தொகை என்று உள்ளே போட்டுக்கொண்டே இருப்பதுதான் வேலை என்றால் கீபோர்டு. கை எதிலும் படவே கூடாது என்கிற இடமாக இருந்தால் மட்டும் கையசைவை, அதாவது காற்றில் கையை ஆட்டிக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை சொல்வதை, யோசிக்கலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை நம்மூர்க் கடைகளை வைத்தே விளக்குகிறேன்.

முதலில் மருந்துக்கடை. ஆஸ்பத்திரி ஊர் என்பதால் நம்மிடம் அதற்குப் பஞ்சமில்லை. காலை ஓ.பி. முடிந்து கூட்டம் வெளியே வரும் நேரத்தில் ஒரு கடையில் ஓரமாக நின்று கவனியுங்கள். பில் போடும் பையன் இடது கையில் மருந்துச் சீட்டைப் பிடித்திருப்பான். கண் சீட்டின் மேல். வலது கை கீபோர்டின் மேல். மருந்துப் பெயரில் முதல் மூன்று எழுத்து, கீழ் அம்பு, என்டர். பேட்ச் நம்பர் வரும், என்டர். எண்ணிக்கை, என்டர். அடுத்த மருந்து. டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று படிப்பதற்கே அவன் கவனம் முழுக்கப் போகிறது. கை தன் பாட்டுக்கு ஓடுகிறது.

கை அப்படி ஓடுவதற்குக் காரணம் கீபோர்டில் தடவிப் பார்க்க ஏதோ ஒன்று இருப்பது. எஃப், ஜே பொத்தான்களின் மேலும், எண் பகுதியில் 5-இன் மேலும் சின்னதாக ஒரு மேடு இருக்கும். விரல் அங்கே உட்கார்ந்துவிட்டால் மற்றதெல்லாம் எங்கே இருக்கிறது என்று கண்ணைக் கேட்க வேண்டியதில்லை. கண்ணாடியில் அந்த மேடு கிடையாது. ஒவ்வொரு தட்டலுக்கும் கண் திரைக்குப் போய், திரும்பச் சீட்டுக்கு வந்து, எந்த வரியில் விட்டோம் என்று தேட வேண்டும். ஒரு பில்லில் இது பெரிதாகத் தெரியாது. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது நன்றாகத் தெரியும். மருந்தின் அளவு மாறிப்போனால் அது வெறும் பில் தவறோடு நிற்காது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

டேலி மாதிரியான கணக்கு மென்பொருள்களும் கீபோர்டை நம்பியே வளர்ந்தவை. எஃப்8 தட்டினால் விற்பனை, ஆல்ட் சி தட்டினால் புதுக் கணக்கு, கண்ட்ரோல் ஏ தட்டினால் சேமிப்பு. மண்டித் தெருவில் வருஷக்கணக்காகக் கணக்கு எழுதுகிறவர் மவுஸைத் தொடுவதே அபூர்வம். அவர் முன்னால் டச் மானிட்டரை வைத்தால் தூசு துடைக்கத்தான் தொடுவார். பார்கோடு ஸ்கேனரும் உள்ளுக்குள்ளே ஒரு கீபோர்டுதான். கோடுகளைப் படித்து, அந்த எண்களை யாரோ தட்டியதைப் போலவே கம்ப்யூட்டருக்கு அனுப்பி, கடைசியில் என்டரும் போட்டுவிடும். அதனால் பெரும்பாலான பில்லிங் மென்பொருளோடு அதற்குச் சண்டையே வருவதில்லை. மளிகைக் கடைக்காரர் என்னிடம் டச் கேட்டால், அந்தப் பணத்தில் நல்ல ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

விரலின் பருமன் இன்னொரு விஷயம். மவுஸ் முனை ஊசி மாதிரி. விரல் அப்படி இல்லை. கண்ணாடியில் பதிகிற இடமே கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். ஆண்ட்ராய்டுக்குச் செயலி எழுதுகிறவர்களுக்குக் கூகுள் தரும் அளவுகோலில் ஒரு பொத்தான் குறைந்தது 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். எக்செலைத் திறந்தால் அதில் ஒரு வரியின் உயரம் 15 பாயின்ட், அதாவது சுமார் 5 மில்லிமீட்டர். விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டால் மேலே உள்ளதும் கீழே உள்ளதும் சேர்ந்தேதான் விரலுக்கு அடியில் இருக்கும். குறி எவ்வளவு பெரியதோ, எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் கை அதைத் தொடும் என்று பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். டச்சுக்கென்று பெரிய பொத்தான்களோடு எழுதப்படாத மென்பொருளை டச் திரையில் ஓட்டுவது வீண் வேலை. விற்பனைக்காரர் காட்டும் மானிட்டரைப் பார்க்காதீர்கள். உங்கள் மென்பொருளை அதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, டச் எங்கே ஜெயிக்கிறது? பிரியாணிக் கடையில்.

ஆம்பூர்ப் பிரியாணிக் கடை என்றால் மெனு எவ்வளவு இருக்கும்? மட்டன், சிக்கன், முட்டை, குஸ்கா, கூட ஒரு சிக்கன் 65, நெஞ்செலும்பு என்று ஒரு திரைக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கை அகலப் பொத்தான், படத்தோடு. இரண்டு மட்டன், ஒரு குஸ்கா என்றால் மூன்று தட்டல். இங்கே எழுத்துக் கூட்ட வேண்டிய வேலையே இல்லை. வேலைக்கு வரும் பையன் வேறு மாநிலத்துக்காரனாக இருந்தாலும் படத்தைப் பார்த்துப் பில் போட்டுவிடுவான். மேசை மேசையாகப் போய்ச் சின்ன டேப்லெட்டில் ஆர்டர் எடுத்தால் அது நேராகச் சமையல்கட்டில் சீட்டாக அச்சாகிறது. காகிதத்தில் எழுதி, ஓடிப்போய்க் கொடுத்து, கையெழுத்துப் புரியாமல் திரும்பிக் கேட்கிற பாடு மிச்சம்.

இப்படி ஒரு கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, டச் வச்சா புதுசா வர்ற பசங்க சீக்கிரம் கத்துக்குவாங்களா?"

"முத நாளே கத்துக்குவாங்க பாய். ஆனா ஒரு வருஷம் ஆனாலும் அதே வேகம்தான் இருக்கும்."

"நம்ம கடைக்கு அந்த வேகம் போதாதா?"

போதும். அவர் கடைக்குத் தாராளமாகப் போதும். டச்சில் ஒரே நாளில் கை பழகிவிடும், அதற்கப்புறம் பெரிய ஏற்றம் இருக்காது. கீபோர்டில் முதல் மாதம் தடுமாற்றம், அப்புறம் வேகம் ஏறிக்கொண்டே போகும். ஆள் அடிக்கடி மாறுகிற கடைக்கு முதலாவது நல்லது. ஒரே ஆள் வருஷக்கணக்காக உட்காருகிற கல்லாவுக்கு இரண்டாவது. விலையை விசாரிப்பதற்கு முன்னால், உங்கள் கடையில் பில் போடுகிறவர் எத்தனை மாதம் தங்குகிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி நம்மூர் வெயில். விளம்பரப் படத்தில் டச் திரையைத் தொடுகிற கை எப்போதும் ஏ.சி. அறையில் உலர்ந்திருக்கும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற கல்லாவில் அப்படிப்பட்ட கை கிடைக்காது. இன்றைக்குப் போனிலும் டேப்லெட்டிலும் இருக்கும் டச், 1965-இல் இங்கிலாந்தில் ஈ. ஏ. ஜான்சன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக எழுதிய யோசனையின் வழி வந்தது. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கட்டம் ஒன்று இருக்கும். விரல் பக்கத்தில் வந்தால் அந்த இடத்தில் மின்னூட்டம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் கருவி தொடுதல் என்று எடுத்துக்கொள்கிறது. வியர்வையும் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துகிறவை. ஒரு சொட்டு விழுந்தால் அதையும் விரல் என்று நினைத்துக்கொள்ளலாம், இல்லை உண்மையான விரலைக் கவனிக்காமல் விடலாம். கை கழுவிவிட்டு அப்படியே வந்து பில் போடுகிறவர் இரண்டு முறை தட்டுவது இதனால்தான்.

அப்புறம் எர்த். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மட்டமான சார்ஜரோ, எர்த் சரியில்லாத இன்வர்ட்டர் இணைப்போ இருந்தால், அதிலிருந்து வரும் மின் இரைச்சல் டச் திரையைக் குழப்பிவிடும். தொடாத இடத்தில் தொட்டதாகக் காட்டும், பொத்தான் தானாக அழுந்தும். சார்ஜில் போட்ட போன் சில நேரம் பைத்தியம் பிடித்த மாதிரி நடந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள்; அதேதான். பழைய கட்டடங்களில், லாங் பஜார் பக்கம் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் கடைகளில், டச் வைப்பதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்வது என் வழக்கம்.

தோல் கம்பெனி ஸ்டோருக்கு வேறு கணக்கு. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் ஷூவும் தோலும் செய்கிற இடங்களில் கையில் உறை இருக்கும், இல்லாவிட்டால் பசை இருக்கும். சாதாரண ரப்பர் உறையோடு தொட்டால் போன் மாதிரியான டச் பெரும்பாலும் அசையாது. அங்கே அழுத்தினால் வேலை செய்யும் பழைய வகை டச்தான் தேவை. நடுவில் இடைவெளி விட்ட இரண்டு மெல்லிய படலங்கள் ஒன்றையொன்று தொடும்போது அது இடத்தைக் கணக்கிடும். உறை, நகம், பேனா மூடி என்று எதனால் அழுத்தினாலும் கேட்கும். படம் கொஞ்சம் மங்கல், மேல் படலத்தில் கீறல் விழும், இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவது எதிர்பார்க்க முடியாது. ஆனால் சரக்கு எண்ணும் இடத்தில் அது யாருக்கு வேண்டும்? இந்த வகை வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் போன் வகையைத்தான் தருவார்கள்.

பீடி சுற்றி விரல் நுனி காய்த்துப்போன பெண்களும், கட்டட வேலை செய்கிறவர்களும் வரும் இடங்களிலும் இதே சிக்கல் உண்டு. தடித்து உலர்ந்த தோலை டச் திரை சரியாக உணர்வதில்லை. "எனக்கு மட்டும் அமுங்க மாட்டேங்குது" என்று அவர்கள் கையை இழுத்துக்கொள்வதைப் பார்த்தால் மனசு சங்கடப்படுகிறது. தவறு அவர்கள் விரலில் இல்லை.

லாட்ஜுக்கு வருவோம். காந்தி ரோட்டிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, மேசைக்கு இந்தப் பக்கம் கீபோர்டு, அந்தப் பக்கம் டச். சிகிச்சைக்கு வருகிறவர்கள் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், ஆந்திரா, வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நம்மூர்க் கடைப் பலகைகளே பாதி பெங்காலியில் பேசுகின்றன. கீபோர்டின் எழுத்து அச்சடித்தது, மாறாது. டச் திரையின் பொத்தான் ஆளுக்கு ஏற்றபடி மாறும். ஒரு தட்டலில் பெங்காலி, இன்னொரு தட்டலில் தெலுங்கு. எத்தனை நாள், ஏ.சி. வேண்டுமா, சமையல் வசதி உள்ள அறையா, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வேண்டுமா என்று விருந்தினர் தன் மொழியில் படித்துத் தொட்டுச் சொல்லலாம். டச்சுக்கு இதைவிட நல்ல வேலை இந்த ஊரில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மேசைக்கு உள்பக்கம் கதையே வேறு. வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரங்களை இணையத்தில் பதிய வேண்டும். லாட்ஜ்காரர்கள் ‘சி ஃபார்ம்’ என்பார்கள். பாஸ்போர்ட் எண், விசா எண், பிறந்த தேதி, முழு முகவரி. ஒரு எழுத்து மாறினாலும் தலைவலி. இதைக் கண்ணாடித் திரையில் தட்டச் சொல்வது அநியாயம். திரையில் பாதியைக் கீபோர்டு படமே அடைத்துக்கொள்ளும், எழுதுவது எங்கே விழுகிறது என்று தெரியாது. இரவு இரண்டு மணிக்கு ரயில் இறங்கி வந்த குடும்பத்தை நிற்க வைத்துவிட்டு ரிசப்ஷனிஸ்ட் எழுத்துத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

கிளினிக் வாசலில் நிற்க வைக்கும் பெரிய டச் இயந்திரத்தைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். டோக்கன் எடுக்க, பெயர் பதிய. வாங்கத்தான் வேண்டும் என்றால், பக்கத்தில் நிற்பதற்கு ஒரு ஆள் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ரயில் நிலையங்களில் தானியங்கி டிக்கெட் இயந்திரத்தோடு உதவிக்கு ஒருவரை நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். கண் தெரியாதவருக்கு வெறும் கண்ணாடி ஒன்றுமே சொல்லாது. ஏடிஎம் பொத்தானில் 5-இன் மேல் இருக்கும் புள்ளியாவது அவர் விரலுக்குத் தெரியும். இதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் ஓ.பி. பதிவுக்காக 2022-இல் மத்திய அரசின் தேசிய சுகாதார ஆணையம் கொண்டுவந்த ‘ஸ்கேன் அண்ட் ஷேர்’ முறையில், சுவரில் ஒட்டிய க்யூஆர் குறியை நோயாளி தன் போனால் படம் பிடித்தால் போதும், பெயர் விவரம் கவுன்டருக்குப் போய்விடும். அவருக்குப் பழகிய போன், அவர் மொழி, அவர் விரலுக்குப் பழகிய திரை. நீங்கள் செலவு செய்வது ஒரு காகிதத்துக்குத்தான். போன் இல்லாதவருக்குக் கவுன்டரில் ஆள் இருக்கவே இருக்கிறார்.

டியூஷன் சென்டருக்குப் பெரிய டச் பலகை வாங்கலாமா என்பவர்களுக்கு என் பதில், வாங்கலாம், ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். 65 அங்குலம், 75 அங்குலப் பலகைகள் பலவும் அகச்சிவப்பு வகை. சட்டத்தைச் சுற்றி உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். எது அவற்றை மறித்தாலும் அது தொடுதல்தான். அதனால் விரல், மார்க்கர் கட்டை, எதனாலும் எழுதலாம். ஈரக்கையும் பிரச்சினை இல்லை. டீச்சரின் முந்தானையோ முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டோ உரசினாலும் கோடு விழும். சட்டத்தின் உள்விளிம்பில் தூசு அடைந்தால் ஒரு ஓரத்தில் எழுத்து வராது. சாத்துவாச்சாரியில் ஒரு சென்டரில் பலகை கெட்டுவிட்டது என்று கூப்பிட்டார்கள். மெல்லிய துணியால் நான்கு விளிம்பையும் துடைத்ததும் சரியாகிவிட்டது. பலகையை ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள், நேர் வெயில் பட்டால் அது தடுமாறும்.

நின்றுகொண்டு எழுதுகிற பலகை சரி. அதே நிமிர்ந்த திரையை மேசை மேல் வைத்து, உட்கார்ந்து, நாள் முழுக்கக் கையை நீட்டித் தொடுவது முடியாத காரியம். 1983-இல் ஹெச்பி நிறுவனம் தொடுதிரையோடு ஹெச்பி-150 என்று மேசைக் கம்ப்யூட்டர் ஒன்றை விற்றது. தோள்பட்டை வலிதான் இந்த வகைக் கருவிகளுக்குப் பெரிய எதிரி என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்துபோனது. ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸும் 2010-இல் இதையே சொல்லித்தான் மேசைக் கம்ப்யூட்டரில் நிமிர்ந்த டச் வேண்டாம் என்றார். மைக்ரோசாஃப்ட் வேறு பக்கம் போனது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 தொடுவதை மனதில் வைத்து, ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டது. கீபோர்டும் மவுஸும் வைத்திருந்த பெரும்பான்மையோர் திணறினார்கள். அடுத்த ஆண்டே 8.1-இல் பட்டன் திரும்பி வந்தது. அந்த ஒரு வருஷம் எத்தனை கடைக்காரர்கள் பழைய விண்டோஸையே போட்டுத் தரச் சொன்னார்கள் என்று இந்தத் தொழிலில் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டச் திரையைக் கல்லாவில் வைப்பதானால் நிமிர்த்தி வைக்காதீர்கள். படுக்கைவாட்டில், எழுதும் பலகை மாதிரி லேசாகச் சாய்த்து, முழங்கை மேசையில் படும்படி வையுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

தமிழில் எழுதுகிற வேலைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கலெக்டர் ஆபீஸ் பக்கம், சார்பதிவாளர் அலுவலகங்கள் பக்கம் மனுவும் பத்திரமும் அடித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்கள். டைப்ரைட்டர் முறையிலேயே விரல் ஓடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தமிழ்99 நல்லது. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட கீபோர்டு அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், அடிக்கடி வரும் மெய்கள் வலக்கைப் பக்கம். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நாலே தட்டல். புள்ளியைக் கருவியே வைத்துக்கொள்ளும். இரண்டு கையும் மாறி மாறி விழுவதால் களைப்பும் குறைவு. பத்துப் பக்கப் பத்திரத்தை இந்த வேகத்தில் கண்ணாடியில் யாராலும் அடிக்க முடியாது.

ஆனால் இதே ஊரில் பேரன் சிங்கப்பூரில் இருக்கும் பாட்டி, போனில் தமிழில் பதில் அனுப்புகிறார். கீபோர்டை வாழ்நாளில் தொட்டிருக்க மாட்டார். மைக் படத்தைத் தொட்டுப் பேசுகிறார், அது எழுதித் தருகிறது. கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017-இல் தமிழுக்கு வந்தது. விரலால் திரையில் எழுதினால் அச்செழுத்தாக்கும் வசதி அதற்கு முன்பே 2015-இல் வந்துவிட்டது. நாலு வரிச் செய்திக்கு இவை அருமையானவை, டச்சும் குரலும் இல்லாவிட்டால் இத்தனை பேர் தமிழில் எழுதவே வந்திருக்க மாட்டார்கள். மனு எழுதும் கடையில் மட்டும் இதை நம்பி இறங்காதீர்கள். பஸ் ஹாரனுக்கு நடுவே சர்வே எண்ணையும் உட்பிரிவையும் வாயால் சொல்லி, அது என்ன எழுதியிருக்கிறது என்று சரிபார்ப்பதற்குள், கையால் இரண்டு தடவை அடித்துவிடலாம். ஊர்ப்பெயரும் அப்பா பெயரும் அதற்குப் பெரும்பாலும் பிடிபடுவதில்லை.

இப்போது கையசைவு. காற்றில் கையை ஆட்டினால் கம்ப்யூட்டர் கேட்கும் என்பது பார்க்க அழகான விஷயம். 2010 நவம்பரில் வீடியோ கேம் விளையாட மைக்ரோசாஃப்ட் விட்ட கினெக்ட் என்ற கருவி வந்தபோது 60 நாளில் 80 லட்சம் விற்றது. அதிலுள்ள கேமரா ஆளைப் பார்த்து, கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். 2017-இல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். 2013-இல் மேசை மேல் வைக்கும் லீப் மோஷன் என்ற சின்னப் பெட்டி வந்தது. பத்து விரலையும் தனித்தனியாகப் பின்தொடரும், ஆனாலும் மவுஸின் இடத்தைப் பிடிக்க முடியவில்லை. கூகுள் 2019-இல் பிக்சல் 4 போனுக்குள் சின்ன ரேடார் வைத்து, தொடாமல் கையை வீசிப் பாட்டு மாற்றலாம் என்றது. அந்த ரேடார் ஓடும் 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததால் அந்தப் போனே இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை. அடுத்த மாடலில் ரேடாரையும் எடுத்துவிட்டார்கள்.

இவை எல்லாம் நன்றாகச் செய்யப்பட்ட கருவிகள். அப்படியும் கடை, ஆபீஸ் வேலைக்கு ஏன் நிலைக்கவில்லை? இரண்டு காரணம் எனக்குத் தெரிகிறது. ஒன்று, காற்றில் கை எதன் மேலும் படுவதில்லை. பொத்தான் அழுந்தியதா இல்லையா என்று விரலுக்குத் தெரியாது. தோள் வலியோ டச்சைவிட அதிகம், கையைத் தாங்க மேசைகூட இல்லை. இரண்டாவது, எந்த அசைவு கட்டளை, எந்த அசைவு பேச்சு என்று கருவிக்குத் தெரியாது. நாம் கையை ஆட்டாமல் பேசுகிறவர்களா? வாடிக்கையாளரிடம் "அந்தப் பக்கம் போங்க" என்று கையைக் காட்டினால் திரையில் பில் பறந்துவிடும்.

ஒரே ஓர் இடத்தில் இது உண்மையாகவே தேவை: ஆபரேஷன் தியேட்டர். கை கழுவிக் கிருமி நீக்கி உறை போட்ட டாக்டர், நடுவில் ஸ்கேன் படத்தைப் பார்க்க மவுஸைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து கை கழுவ வேண்டும். இல்லாவிட்டால் நர்ஸிடம் "அடுத்த படம், இல்லம்மா முந்தினது" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கனடாவில் டொராண்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில் இதற்காகவே 2011 வாக்கில் கினெக்டைப் பயன்படுத்தினார்கள். அங்கே கட்டளைகள் குறைவு: அடுத்தது, முந்தையது, பெரிதாக்கு. தொடக் கூடாது என்கிற கட்டாயமும் நிஜம். நம்மூர்க் கடைக்குக் கையசைவு என்றால் கையை நீட்டினால் சோப்பு விழும் குழாய் அளவுக்கு, ஒரே அசைவு ஒரே வேலை என்று இருந்தால் சரி. அதற்கு மேல் பணம் போடாதீர்கள்.

பொத்தானைத் தொட்டு உணர்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு துயரமான சாட்சி இருக்கிறது. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பல் ஒன்றோடு மோதியதில் 10 மாலுமிகள் இறந்தார்கள். கப்பலைச் செலுத்தும் டச் திரை அமைப்பு, யார் கையில் எந்தக் கட்டுப்பாடு இருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டவில்லை என்பது விசாரணையில் வந்தது. அதன் பிறகு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திரைகளுக்குப் பதிலாகக் கையால் தள்ளும் கைப்பிடிகளையே மறுபடி வைப்பது என்று 2019-இல் அந்தக் கடற்படை முடிவெடுத்தது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பும் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான் வேண்டும் என்பதை 2026 முதல் மதிப்பெண்ணோடு சேர்த்திருக்கிறது. கண் வேறெங்கோ இருக்க வேண்டிய வேலை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மருந்துக்கடைப் பையனுக்கும்தான்.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு டச் லேப்டாப் வாங்கலாமா என்றால், திரையை முழுக்கத் திருப்பிப் பேனாவால் எழுதும் வகையாக இருந்தால் மட்டும். கணக்கும் வரைபடமும் எழுத அது உதவும். திருப்ப முடியாத லேப்டாப்பில் டச் என்பது விரல் ரேகை துடைக்கும் வேலைதான். அந்தப் பணத்தை மெமரிக்குப் போடுங்கள்.

பழுது என்று வந்தால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். கீபோர்டும் மவுஸும் ஆயிரம் ரூபாய்க்குள் ஊரிலேயே கிடைக்கும், டீ கொட்டினால் மாற்றிவிட்டு அடுத்த பில்லைப் போடலாம். டச் திரையில் கண்ணாடியும் படம் காட்டும் பகுதியும் ஒன்றாக ஒட்டியே வருவதால் விரிசல் விட்டால் பெரும்பாலும் மொத்தமாக மாற்ற வேண்டும். பாகம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்தோ கம்பெனியிலிருந்தோ வரும்வரை கல்லா நிற்கும். பெரிய பலகை என்றால் விலையே லட்சத்தை ஒட்டிப் போகிறது, அதற்கு வீட்டுக்கு வந்து பார்க்கும் வாரன்டி எழுத்தில் இருக்க வேண்டும். வேலூருக்கு ஆள் வருவாரா, சென்னைக்கு நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

டச் வாங்குவது என்று முடிவெடுத்தவர்களும் வாங்கும் நாளில் இரண்டு விஷயம் செய்யுங்கள். விரலை நனைத்து, உங்கள் மென்பொருளில், உங்கள் கடையின் நீளமான பில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கருவியில் யுஎஸ்பி துளை குறைந்தது இரண்டு காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று ஸ்கேனருக்கு, இன்னொன்று கீபோர்டுக்கு. அந்தக் கீபோர்டையும் அன்றைக்கே வாங்கிக் கல்லா இழுப்பறையில் போட்டுவையுங்கள்.